ஆறாம் தொட்டிக்குச் சான்று

கேஸ்ஷீட் அக்கா, 1953–2018.

மீன் பண்ணையாளர் சங்கத்தில் அவரை வேறு பெயரால் அழைத்தவர் எவருமில்லை. அரசு மருத்துவமனையின் நோயாளர் பதிவறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியதால் வந்த பெயர் அது. வைத்தவர் யாரென்று தெரியவில்லை. அக்கா அதை மறுத்ததும் இல்லை, ரசித்ததும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்தப் பதிவறை மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. இரும்பு அடுக்குகளுக்கு நடுவே ஒரு மேசை; தலைக்கு மேலே, தெருமட்டத்தில், ஒரு கம்பிச் சன்னல். அதன் வழியாகப் போகிறவர் வருகிறவருடைய கால்கள் மட்டுமே தெரியும். செருப்பைப் பார்த்தே எந்த மருத்துவர் வருகிறார் என்று சொல்லிவிடுவாராம். அங்கே அவர் கற்றது ஒன்றே ஒன்று: தாள் நோயாளியோடு போக வேண்டும். கட்டில் மாற்றினாலும், வார்டு மாற்றினாலும், அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போனாலும், நோயாளியின் கேஸ்ஷீட் அவர் காலடியிலேயே இருக்க வேண்டும். அதைக் கட்டிலோடு விட்டுவிட்டால், அடுத்து அதில் படுப்பவருக்கு முந்தையவரின் மருந்து போய்ச் சேரும். அப்படிப் போய்ச் சேர்ந்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் ஒரு தாள் இடம் மாறிக் கிடந்தால் அவர் குரலே மாறிவிடும்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்பவர்களிடம், "கோப்பத் தேடிக்கிட்டிருக்காங்க, கெடைச்சதும் சொல்லி அனுப்பறேன்" என்பார். பணி ஓய்வு பெற்றதும் தம்பி வீட்டு மாடியறைக்குக் குடிவந்தார். தம்பியின் தொழில் மீன் பண்ணை. வீட்டின் பின்புறம், வாய்க்கால் நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி கட்டிய எட்டு சிமெண்ட் தொட்டிகள், எல்லாவற்றிலும் கெண்டை. ஆறாம் தொட்டி சமையலறையின் பின்கதவுக்கு நேரே இருந்தது. ஒன்றாம் தொட்டி வளாகத்தின் கடைக்கோடியில்.

அந்த ஆண்டுதான் சங்கம் நலப் பதிவைக் கட்டாயமாக்கியது. வாங்குகிற நிறுவனங்கள் கேட்கத் தொடங்கிவிட்டன, வேறு வழியில்லை. பண்ணைக்கு ஒரு நலப் பதிவாளர் இருக்க வேண்டும். நாள்தோறும் செத்த மீன்களின் எண்ணிக்கை, நீரின் வெப்பநிலை, தீவனத்தின் அளவு, புண் உண்டா இல்லையா, என்ன மருந்து, என்று நிறுத்தியது ஆகியவற்றை அவர் எழுத வேண்டும். மீன் லாரியில் ஏறும்போது, நோயில்லை என்றும், மருந்து கொடுத்திருந்தால் அது உடம்பை விட்டு இறங்குவதற்கான காலம் கழிந்துவிட்டது என்றும் கையொப்பமிட்டுச் சான்று தர வேண்டும்.

சங்கச் செயலாளர் என்ற முறையில் பதினொரு பண்ணைகளின் மாதத் தாள்களும் என் மேசைக்கு வரும். அவற்றைப் படித்த அனுபவத்தை விவரிக்காமல் விடுவதே நாகரிகம். பத்துப் பண்ணைகளின் தாள்கள் மாதக் கடைசியில் ஒரே அமர்வில், ஒரே பேனாவால் நிரப்பப்பட்டவை. பிப்ரவரிக்கு முப்பது நாள் எழுதிய பண்ணையும் உண்டு. அந்த முப்பதாம் தேதியிலும் மீன்கள் நலமாகவே இருந்தன.

தம்பியும் இந்த வேலையைப் பெரிதாக நினைக்கவில்லை.

"சும்மாதானேக்கா இருக்கே. மாசத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. உனக்கும் பொழுது போகும்."

"எதுல கையெழுத்து?"

"ஏதோ ஒரு நோட்டு இருக்கும். அரைமணிகிட்ட கேளு."

அரைமணி என்பவர் பண்ணையின் மேற்பார்வையாளர். எந்த வேலையைச் சொன்னாலும் "அரைமணில முடிச்சிரலாம்" என்பது அவர் வாடிக்கை. முடித்தும் விடுவார், அதில்தான் சிக்கலே. இடுப்பளவு நீரில் நாள் முழுவதும் நிற்கச் சொன்னால் நிற்பார். ஒரு வரி எழுதச் சொன்னால் மட்டும் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். அவர் கொண்டுவந்து கொடுத்த நோட்டில், எல்லாத் தேதிகளுக்கும் எதிரே 'அனைவரும் நலம்' என்று எழுதியிருந்தது.

"யாருப்பா இந்த அனைவரும்?" என்று அக்கா கேட்டார்.

"மீனுங்கதான்க்கா."

"நேத்து மூணாம் தொட்டில ரெண்டு மெதந்துச்சே. மாடிலருந்து நானே பாத்தேன்."

"அதப் பூனை தூக்கிட்டுப் போயிருச்சு."

"போனா?"

"கைல இல்லாதத எப்படிக்கா கணக்குல எழுதறது?"

"அப்ப நோட்டப் பூனைகிட்டயே குடுத்துரு. அதாவது தின்னதத் தின்னேன்னு எழுதும்."

அன்று தொடங்கியது. அக்கா காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மாடிப்படி இறங்கி எட்டுத் தொட்டிகளையும் சுற்றி வந்தார். கையில் வெப்பமானி, காதில் பென்சில். ஒரு மாதம் சுற்றிய பிறகுதான் அவருக்குப் பெரிய ஓட்டை எது என்று புரிந்தது. செத்த மீனை எண்ணாதது கூடச் சின்ன விஷயம். பதிவுகள் தொட்டி வாரியாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் மீன்கள் ஒரு தொட்டியில் இருப்பதில்லை. வளர வளர அவற்றை அளவு பார்த்துப் பிரித்துத் தொட்டி மாற்றுவார்கள். பெரியது சிறியதோடு கிடந்தால் தீவனம் முழுவதையும் பெரியதே தின்றுவிடும் என்பதால் இது எல்லாப் பண்ணைகளிலும் நடப்பது. மீன் போய்விடும், அதன் நோயும் மருந்தும் பழைய தொட்டியின் பக்கத்திலேயே நிற்கும்.

"மூணாம் கட்டில்ல போன மாசம் படுத்திருந்தவருக்குக் காய்ச்சல்னு, இன்னைக்குப் படுத்திருக்கறவருக்கு ஊசி போடுவீங்களாடா?" என்று தம்பியிடம் கேட்டார்.

"மீனெல்லாம் கட்டில்லயா படுக்குது?" என்றார் தம்பி.

அக்கா தகரக் கடைக்குப் போனார். அகலமான தகடுகளாக வெட்டி, துளையிட்டு, கொக்கி மாட்டிக் கொண்டுவந்தார். தொட்டியின் எண்ணைச் சுவரில் வண்ணத்தால் எழுதினார், அது அசையாது. தகட்டில் மீனின் வரலாறு இருக்கும்: எங்கிருந்து வந்த குஞ்சு, என்ன நோய் கண்டது, என்ன மருந்து, எந்த நாள் வரை விற்கக் கூடாது. விதி ஒரே வரிதான். மீன் போனால் தகடும் போகும்.

இந்த ஒரு வரியைப் பின்பற்ற வைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மீனைத் தூக்கவே இரண்டு கை போதவில்லை, தகட்டை எந்தக் கையால் தூக்குவது என்று கேட்டார்கள். தகடுகள் தீவன டிரம்முக்கு மூடியாயின. ஒன்று, ஆடிக்கொண்டிருந்த மோட்டாரின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அரைமணி தம் சாப்பாட்டுப் பெட்டியை இன்னொன்றின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். குழம்புக் கறை படிந்து, அந்தக் கெண்டைகளுக்கு என்ன நோய் வந்தது என்பதே மறைந்து போயிற்று. அக்கா ஒவ்வொரு முறையும் தகட்டைப் பிடுங்கி, கழுவி, எழுதி, மாட்டினார். திட்டிக்கொண்டேதான் செய்தார். கடைசியில் அவர்கள் பணிந்ததற்குக் காரணம் பயமோ மரியாதையோ அன்று. இந்த அம்மாளிடம் பேச்சு வாங்குவதைவிடத் தகட்டைத் தூக்குவது இலகு என்று கண்டுகொண்டார்கள்.

இனி 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் தொட்டியில் மீன்களின் செதிலோரம் சிவந்து புண் கண்டது. மீன் மருத்துவர் வந்து பார்த்து, மருந்து கலந்த தீவனம் கொடுக்கச் சொன்னார். கொடுத்து முடித்த பிறகு ஒரு மாதம் அந்த மீன்களை விற்கக் கூடாது என்றும் சொன்னார். புண் விரைவில் ஆறிவிட்டது. ஆனால் மருந்து தசையில் தங்கியிருக்கும்; வெளிப்பார்வைக்குத் தெரியாது. அக்கா மூன்றாம் தொட்டியின் தகட்டில் சிவப்பு வண்ணத்தால் 'விற்கக் கூடாது' என்று எழுதி, கீழே தேதியும் இட்டார்.

அதே சமயத்தில் தம்பிக்கு ஒரு நல்ல காலம் பிறந்திருந்தது. மாணவர் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளின் சமையலறைகளுக்கும் மீன் வழங்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் பட்டியலில் இடம் பிடிக்க அவர் இரண்டு ஆண்டுகளாக அலைந்துகொண்டிருந்தார். இப்போது இடம் கிடைத்துவிட்டது. முதல் லாரி அடுத்த வாரம் வருவதாக இருந்தது. பிறகு நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, இந்த வெள்ளிக்கிழமையே வருகிறோம், மீன் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த அழைப்பு வந்த செவ்வாய்க்கிழமை அக்கா பண்ணையில் இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார்.

மறுநாள் காலை, வீங்கிய கன்னத்தோடும் வாயில் பஞ்சோடும் அவர் சுற்றி வந்தபோது எட்டுத் தகடுகளும் அதனதன் இடத்தில் நேராகத் தொங்கின. அதுவே அவருக்குச் சந்தேகத்தைத் தந்தது. அந்தப் பண்ணையில் எதுவும் நேராகத் தொங்கியதில்லை. ஆறாம் தொட்டியை எட்டிப் பார்த்தார். நேற்று முன்தினம் இருந்ததைவிட மீன் நெருக்கமாக இருந்தது.

"மூணுலருந்து மீன் எடுத்தீங்களா?" என்று அரைமணியைக் கேட்டார்.

"எடுத்தோம்க்கா. கம்பெனிக்காரங்க ஒரே அளவா வேணும்னாங்களாம். அண்ணன் பெருசாப் பொறுக்கச் சொன்னாரு. மூணுலருந்தும் நாலுலருந்தும் பொறுக்கி ஆறுல விட்டுட்டோம். அரைமணில முடிஞ்சிருச்சு."

"மீன் போனா தகடும் போகணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"முழுசாப் போனாத்தானேக்கா போகணும்? இது பாதிதானே போச்சு. நாங்க ஒண்ணும் யோசிக்காம செய்யல. நின்னு பேசினோம். மூணுல தங்கினதுதான் அதிகம், ஆறுக்குப் போனது கம்மி. அதிகம் பேரு எங்க இருக்காங்களோ தகடு அங்க இருக்கட்டும்னு முடிவு பண்ணோம்."

"ஓட்டெடுத்தீங்களா?"

"கேலி பண்ணாதீங்கக்கா. உங்க ஆஸ்பத்திரில ஒரு ஆளு பாதி ஒரு கட்டில்லயும் பாதி இன்னொரு கட்டில்லயும் படுப்பானா? பாதி போனா என்ன பண்றதுன்னு நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

இதைப் பின்னாளில் என்னிடம் சொன்னபோதும் அவருக்குத் தம் மேலேயே எரிச்சல் தீரவில்லை. நோயாளி இரண்டாகப் பிரிவதில்லை, மீன்கூட்டம் பிரியும். முப்பது ஆண்டுப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தொட்டியோரம் மாட்டியவர் அந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தகட்டைத் தூக்கவே மறுத்தவர்கள், கடைசியில் அதைப் பற்றி நின்று விவாதித்து, வாக்கெடுத்து, முழு மனச்சாட்சியோடு தவறு செய்திருக்கிறார்கள்.

"ஆறுக்கு எத்தன போச்சு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா... ரொம்ப இல்ல."

மூன்றாம் தொட்டி மீனையும் ஆறாம் தொட்டி மீனையும் இனிப் பிரிக்க வழியில்லை. எல்லாம் ஒரே கெண்டை; எல்லாம் ஒரே அளவு, அதற்காகத்தானே பொறுக்கினார்கள். புண்ணும் ஆறிவிட்டது. அக்கா ஒரு புதுத் தகடு எடுத்து, சிவப்பு வண்ணத்தில் எழுதி, ஆறாம் தொட்டியில் மாட்டிவிட்டுத் தம்பியின் அலுவலக அறைக்குப் போனார்.

அது அலுவலகம் என்று சொல்லப்பட்ட, வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டிய ஓர் ஒட்டறை. தீவன நிறுவனத்தின் நாட்காட்டி, கால் உடைந்த நாற்காலி, மூலையில் வலை மூட்டை. மேசையின் மேல் அச்சிட்ட சான்றுத்தாள் பேனாவோடு தயாராக இருந்தது.

"வாக்கா. பல் எப்படி இருக்கு? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு."

"ஆறாம் தொட்டிக்குச் சான்று குடுக்க முடியாதுடா. மூணாம் தொட்டி மீன் கலந்திருக்கு. இன்னும் மூணு வாரம் போகணும்."

"கொஞ்சம்தான்னு அரைமணி சொன்னானே."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்க்கா! இத்தன மீன்ல அது யாரு தட்டுல போயி விழப் போகுது?"

"அந்த மீன் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போகுது. அங்க படுத்திருக்கறவங்க ஏற்கெனவே ஒரு கை நிறைய மாத்திரையத் தின்னுட்டுப் படுத்திருப்பாங்க. அந்தச் சமையலறைச் சாப்பாட்டத் தின்னுதான் நான் முப்பது வருஷம் வேல பாத்தேன்."

"ரெண்டு வருஷம் அலைஞ்சேன்க்கா நான். மொத லாரி வெறுமனே திரும்பிச்சுன்னா பட்டியல்லருந்து தூக்கிருவாங்க. நீ எனக்கு அக்காவா, கம்பெனிக்கு அக்காவா?"

"இப்போதைக்கு மூணாம் தொட்டிக்கு அக்கா."

தம்பி எழுந்து நின்றார், உட்கார்ந்தார். பிறகு குரலை இறக்கி, தேன் தடவிப் பேசினார். சங்க விதிகளில் ஒரு விதி உண்டு. பதிவாளர் உடல்நலக் குறைவால் வராத நாளில் உரிமையாளரே சான்றில் கையொப்பமிடலாம். நோய் வந்தால் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அதற்கு இப்படி ஒரு பயன் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

"உனக்குக் கன்னம் வீங்கியிருக்கு பாரு. வெள்ளிக்கிழமையும் ஒரு தடவ டாக்டரப் பாத்துட்டு வந்துரேன். நீ கையெழுத்தே போட வேணாம். நான் போட்டுக்கறேன். பாவம் என் தலைல இருக்கட்டும்."

"ஒரு பல்லத்தானே பிடுங்கணும்னு சொன்னாரு."

"இன்னொண்ணு பிடுங்கிக்கயேன்! வாயில இன்னும் எவ்வளவோ இருக்கே!"

இந்த இடத்தில் அக்கா சீறியிருப்பார் என்று வாசிப்பவர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் நேராக மாடிக்குப் போய்விட்டார். மறுநாள், வியாழக்கிழமை காலை, கைப்பையில் ஒரு மாற்றுத்துணியும் பல் மருத்துவரின் சீட்டும் எடுத்து வைத்தார். தம்பியின் வீடு, தம்பியின் பண்ணை, தம்பி போடப்போகிற கையொப்பம். தாம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இதற்கு மேல் கூடப் பிறந்தவனோடு மல்லுக்கு நின்றால், ஒரு கூரையின் கீழ் எப்படி இருப்பது? எந்தப் பதிவாளரும் தம்பியின் வீட்டு மாடியில் குடியிருக்கக் கூடாது என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார். அது பாதிதான் வேடிக்கை.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் மூவர் இருந்தார்கள். அக்காவுக்கு எதையும் மெல்ல முடியாது, கிண்ணத்தில் கஞ்சி. தம்பியின் தட்டில் வறுத்த மீன். தம்பியின் மனைவி பரிமாறிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"வெயில்ல அந்தக் கோடி வரைக்கும் நடந்ததுல கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது அண்ணி. வலைய வேற தூக்கிட்டுப் போகணும்."

"எந்தக் கோடி?" என்றார் அக்கா.

"ஒண்ணாம் தொட்டிக்குத்தான். காலைல இவரு வந்து, இன்னைக்கு ஒண்ணுல பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போனாரு."

அந்த வீட்டுக்கு மீன் எப்போதும் ஆறாம் தொட்டியிலிருந்துதான். பின்கதவைத் திறந்து கைவலையை நீட்டினால் போதும். அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் மீன் வந்துவிடும். இத்தனை ஆண்டுகளில் வேறு தொட்டியிலிருந்து ஒரு மீனும் அந்தச் சமையலறைக்கு வந்ததில்லை.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏன்டா, ஒண்ணாம் தொட்டில என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல," என்றார் தம்பி. "அதுல பெருசா இருந்துச்சு."

"பெருசையெல்லாம் பொறுக்கி ஆறுலதானே விட்டீங்க?"

தம்பி முள்ளை எடுப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினார். அவர் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறுல என்ன அண்ணி?"

"மருந்து தின்ன மீன். நாளைக்கு லாரில ஏறப் போகுது."

"எங்க போகுது?"

"ஆஸ்பத்திரிக்கு. ஹாஸ்டலுக்கு."

தம்பியின் மனைவி கணவர் பக்கம் திரும்பினார். அவர் உரத்துப் பேசுகிறவர் அல்லர். அன்றும் உரத்துப் பேசவில்லை.

"நம்ம பையனும் ஹாஸ்டல்லதாங்க சாப்பிடறான்."

"அவன் இருக்கறது வேற ஊரு!" என்றார் தம்பி.

"அந்த ஊருலயும் ஒருத்தர் மீன் வளப்பாரு. அவரு வீட்டுக்கும் ஒண்ணாம் தொட்டி இருக்கும்."

அக்கா கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: "நான் சொன்னதுல உனக்கு நம்பிக்கை இல்லாம இருந்திருந்தா நான் நாளைக்குப் போயிருப்பேன்டா. பையக்கூட எடுத்து வச்சுட்டேன். ஆனா நான் சொன்னத நீ நம்பியிருக்கே. நேத்தே நம்பியிருக்கே. நம்பிக்கிட்டே கையெழுத்துப் போடப் பாத்தே."

தம்பி எழுந்து கை கழுவிக்கொண்டு ஒட்டறைக்குப் போனார். அவர் தொலைபேசியில் பேசியது மேசை வரைக்கும் கேட்டது. "இல்லீங்க, இந்த வாரம் முடியாது... மீன் இருக்குங்க. மருந்து குடுத்தது கலந்து போச்சு... ஆமாங்க. எங்க தப்புதான்... புரியுதுங்க." திரும்பி வந்து வாசலில் நின்று, "திருப்தியா?" என்று மட்டும் கேட்டார். அக்காவுக்கு அதில் திருப்தி ஏதுமில்லை. பல் பிடுங்கிய இடம் வலித்துக்கொண்டிருந்தது.

நிறுவனம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மறுபடி சேர்க்கவே இல்லை. ஆறாம் தொட்டி மீன்கள் காத்திருக்க வேண்டிய காலம் காத்திருந்து, பக்கத்துச் சந்தையில் சாதாரண மீனாக விற்றுப் போயின. அந்த லாரி போயிருந்தால் யாருக்காவது ஏதாவது நேர்ந்திருக்குமா என்பது எவருக்கும் தெரியாது. ஒன்றும் நேராமலும் இருந்திருக்கலாம். நலப் பதிவு என்ற இந்தத் தொழிலின் எரிச்சலே இதுதான். சரியாகச் செய்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. தீயை அணைத்தவருக்கு மாலை போடுவார்கள். தீப்பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தவரைப் பார்த்து, அடுப்புப் பற்றவைக்க முடியவில்லை என்று குறைப்படுவார்கள். "ஒரு பல்லுக்கு ஒரு லாரி போச்சு" என்று அரைமணி பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். தம்பி மழைக்காலம் வரும் வரை தட்டை எடுத்துக்கொண்டு போய் ஒட்டறையிலேயே சாப்பிட்டார். அக்கா சொன்னது சரி என்று ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை.

ஆனால் அக்கா இரண்டு காரியம் செய்தார். இரண்டையும் தம்பி தடுக்கவில்லை. மீன்கூட்டம் பிரிந்தால், போகிற ஒவ்வொரு பங்குக்கும் தகட்டின் படி ஒன்று எழுதப்பட வேண்டும், ஒரே ஒரு மீன் போனாலும் சரி. இது முதலாவது. இரண்டாவது, பதிவில் ஒரு புதிய பத்தி: 'இந்த வாரம் வீட்டுக்கு மீன் எடுத்த தொட்டி எது?' லாரிக்குப் போகும் தொட்டியிலிருந்து வீட்டுக்கு எடுக்காவிட்டால், ஏன் எடுக்கவில்லை என்று உரிமையாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

இந்தப் பத்தியைச் சங்கத்தின் தாளில் சேர்க்க வேண்டும் என்று அவர் கூட்டத்தில் எழுந்து கேட்டபோது நல்ல கூத்து நடந்தது.

"எங்க வீட்டுல மீனே சாப்பிட மாட்டோமே," என்றார் ஒரு பண்ணையாளர்.

"அப்ப நீங்க வளக்கறது யாருக்கு, விரோதிக்கா?" என்றார் அக்கா.

"என் சமையலறைக்குள்ள சங்கம் எதுக்குங்க எட்டிப் பாக்கணும்?" என்றார் இன்னொருவர்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து தம்பி எழுந்தார். "என் சமையலறைய எட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் கெட்டுப் போகல. எழுதிட்டுப் போங்களேன்," என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார். தீர்மானம் நிறைவேறியது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் அக்காவுக்காகப் பேசியது அதுவே முதல் முறை. அன்று இருவரும் ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினார்கள்.

தீர்மானம் நிறைவேறியது என்றேன். நடைமுறைக்கு வந்தது என்று சொல்லவில்லை. புதிய தாள் அச்சாகிப் பதினொரு பண்ணைகளுக்கும் போயிற்று. மாதக் கடைசியில் பத்துப் பண்ணைகளிலிருந்து ஒரே பேனாவில் நிரம்பித் திரும்பி வந்தது. 'வீட்டுக்கு மீன் எடுத்த தொட்டி எது?' என்ற கேள்விக்கு ஏழு பண்ணைகள் 'ஆம்' என்று பதிலளித்திருந்தன. எது என்ற கேள்விக்கு ஆம் என்பது எப்படிப் பதிலாகும் என்று விளக்கம் கேட்டு எழுதினேன். ஒரு பண்ணையிலிருந்து மட்டும் மறுமொழி வந்தது: 'நலம்.' அக்காவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் அதை விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்தாவது அழகா இருக்கு" என்றார்.

பிந்திய ஆண்டுகளில் அக்காவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படி இறங்குவது நின்றுபோயிற்று. அரைமணி தொட்டியோரம் நின்று எண்களை உரக்கச் சொல்வார்; மாடிச் சன்னலிலிருந்து அக்கா எழுதிக்கொள்வார். குத்துமதிப்பாகச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். "மறுபடி எண்ணு" என்று மேலிருந்து குரல் வரும். அரைமணி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எண்ணுவார். அந்தப் பண்ணையின் தாள் ஒன்றுதான் என் மேசையில் திருத்தம் வேண்டாமல் நேராகக் கோப்புக்குப் போனது. பதினொன்றில் ஒன்று. அதற்கு மேல் அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

ஒருநாள் காலை ஏழாம் தொட்டி மீன்களுக்குச் சான்று வாங்கத் தம்பி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அன்றைய நீரின் வெப்பநிலை பதிவில் இல்லை. அரைமணி மறந்திருந்தார்.

"லாரி நிக்குதுக்கா."

"நிக்கட்டும்."

"நேத்து எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். போட்டுக்கோயேன்."

அக்கா வெப்பமானியை நீட்டினார். தம்பி அதை வாங்கிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லியபடி, கீழே இறங்கிப் போனார். லாரி ஓட்டுநர் இரண்டு முறை ஒலியெழுப்பினார். தம்பி தொட்டியோரம் குந்தி, வெப்பமானியை நீருக்குள் விட்டு, அது நிலைகொள்ளும் வரை காத்திருந்து, படித்து, மறுபடி மேலே வந்து எண்ணைச் சொன்னார். நேற்றைய எண்ணிலிருந்து அது ஒரு கோடுகூட மாறியிருக்கவில்லை. அதையும் தம்பி சொல்லிக் காட்டத் தவறவில்லை. அக்கா அந்த எண்ணை எழுதி, சான்றில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அதற்குப் பின் அவர் எதிலும் கையொப்பமிடவில்லை. அந்தச் சான்றில் உள்ள நாள்: 2018 அக்டோபர் 23.